வண்டிக் கதவில் கை வைத்தபடி

சுற்றாடல் மிஸ் “சரி, நான் கெளம்புறேன்” என்று சொன்னால் கிளம்பிவிட்டார் என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகுதான் அவருடைய வேலையே ஆரம்பிக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு, லயத்து வரிசை வீட்டுப் படியிறங்கி, ரோட்டில் நிற்கிற வெள்ளை கேப் வண்டி வரை மெதுவாக நடப்பார். டிரைவர் ஸ்டார்ட் பண்ணுவான். மிஸ் கதவைத் திறந்து, அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு ஏறாமல் நிற்பார். வழியனுப்ப வந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். டிரைவர் இரண்டு தடவை கனைத்துப் பார்த்துவிட்டு என்ஜினை நிறுத்திவிடுவான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களைத் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். வீட்டுக்கு வந்த மனிதர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் வாயைத் திறந்து குறை சொல்லமாட்டோம். வந்தவர் துரையாக இருந்தாலும் ஒன்றுதான், சம்பந்தம் பேச வந்தவராக இருந்தாலும் ஒன்றுதான். “நல்லா இருக்கோங்க, ஒரு கொறையும் இல்லீங்க” என்று தன்னால் வந்துவிடும். சாப்பிடுகிறவர் தொண்டையில் நிம்மதியாக இறங்கவேண்டும், அவ்வளவுதான். மனதில் இருப்பதை அவர் கிளம்பும்போது கூடவே நடந்துபோய், வண்டியடியில் நின்று சொல்வோம். கூரை ஒழுகுவதும், மகள் புருஷனை விட்டு வந்துவிட்டதும், கங்காணி கொழுந்து நிறுக்கும்போது பண்ணுகிற அநியாயமும் அங்கேதான் வெளிவரும். வெளியூர் ஆபீசர்மாருக்கு இது விளங்காது. அவர்கள் டீயைக் குடித்து, குறையில்லை என்பதைக் கேட்டு, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் பாதி திறந்த வாயோடு ரோட்டில் நிற்போம்.

மிஸ் அப்படிப் போனதேயில்லை. அவர் எங்கள் பிள்ளை. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், எங்களுடையதைப் போன்ற லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்து, கெம்பஸ் போய்ப் பட்டம் படித்தவர். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதக்கூடாது என்பதற்காக இல்லை, எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் பாருங்கள், இவ்வளவு நடந்த பிறகும் ‘அவர்’ என்றுதான் எழுத வருகிறது. ‘அவள்’ என்று ஒரு தடவை எழுதிப் பார்த்தேன், கை கூசியது.

எங்கள் தோட்டம் லிந்துலையிலிருந்து ஏறிவருகிற வழியில் இருக்கிறது. அதன் மேல் டிவிசனில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள் நான். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எங்களுக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அதையேதான் கேட்டோம்.

தென்பக்கம் கடற்கரையிலிருந்து ஒரு தனியார் கம்பெனி ராக்கெட் விடப் போகிறதாம். ஆட்களை ஏற்றிக்கொண்டு இல்லை, சின்னச் சின்னச் செயற்கைக்கோள்களை வாடகைக்கு ஏற்றிக்கொண்டு. அது மேலே போகும்போது அதைப் பின்தொடர்ந்து பார்க்கவும், அதோடு பேசவும் ஓர் உயரமான மலை வேண்டும். எங்கள் லயங்களுக்கு மேலே இருக்கிற மொட்டைமலையைப் பிடித்திருந்தது அவர்களுக்கு. உச்சியைச் சமப்படுத்தி, பெரிய அண்டா போல ஒரு டிஷ்ஷும் ஒரு கட்டிடமும் ஜெனரேட்டரும் வைப்பார்கள், ரோடு வெட்டுவார்கள். ராக்கெட் விட அரசாங்கம் உரிமம் கொடுக்கவேண்டும். உரிமத்துக்கு முன்னால் சுற்றாடல் ஆய்வு. கடலுக்கு என்ன ஆகும், பறவைக்கு என்ன ஆகும், புகை எங்கே போகும் என்று ஆளுக்கு ஒன்றாகப் பார்க்கிறார்கள். எங்கள் மலையைச் சுற்றியிருக்கிற மனிதர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிற வேலை மிஸ்ஸுக்கு.

முதல் நாள் பிள்ளைக் காம்பராவில்தான் எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினார். நான் கதிரை எடுத்துப் போட்டேன். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, குழந்தைகளுக்கு விரித்த பாயில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்து லயத்து மாரியம்மா கொழுந்து மலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கு இடுப்பில். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“மிஸ், அந்த ராக்கெட்டு எங்க தலையில விழுந்தா?”

“விழாதுக்கா. அது போறது கடலுக்கு மேல. கழண்டு விழுற துண்டும் கடல்லதான் விழும். அந்த நேரம் மீன்பிடிக்கப் போறவங்கள முன்னாடியே தள்ளி நிக்கச் சொல்லிருவாங்க.”

“அப்ப மீனு?”

“மீனுக்குன்னு வேற ஒரு சார் இருக்காரு. எனக்கு நீங்கதான்.”

காம்பரா முழுக்கச் சிரிப்பு. எனக்கு நீங்கதான் என்று எங்களிடம் அதுவரை எந்த உத்தியோகத்தரும் சொன்னதில்லை. அன்று தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டு, “இன்னொரு ரொட்டி இருக்காக்கா?” என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற விருந்தாளியை யாருக்குத்தான் பிடிக்காது!

அதற்குப் பிறகு பலமுறை வந்தார். மழையில் வந்தால் குடையை மடக்கி லயத்துக் கூரைக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். காலில் அட்டை ஏறியிருந்தால் அலறமாட்டார், பேச்சை நிறுத்தாமலே உப்பு கேட்பார். டிரைவரோடு சிங்களத்தில் வம்பளப்பார். ஒருநாள் பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வெட்டு வந்துவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. மிஸ் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, கேப்பில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, தாய் வரும்வரை கூடவே இருந்தார். அந்தக் குழந்தை இன்று இரண்டாம் வகுப்புப் படிக்கிறது. இதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்டால் என் கோபம் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்கு அப்போதே இடித்தது. கொழும்பிலிருந்து ஃபோன் வந்தால் அவருடைய குரல் மாறும். எங்களோடு பேசும்போது இருக்கிற இழுவையெல்லாம் போய், ஆங்கிலத்தில் சுருக்சுருக்கென்று பேசுவார். எங்களைப் பார்த்துக்கொண்டே பேசுவார், ஆனால் எங்களைப் பார்க்கமாட்டார். வேலை அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியடியில் நிற்கிற பழக்கம் எப்படி வந்தது என்று ஒருநாள் நானே கேட்டேன். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. மிஸ் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“எங்கம்மா வயித்து வலியில படுத்திருந்தாங்கக்கா. பெரிய டாக்டர் ஒருத்தர் தோட்டத்துக்கு வந்தாரு, தொரையும் கூட. லயத்துக்குள்ள வந்து, எப்படிம்மா இருக்குன்னு கேட்டாரு. நல்லா இருக்கேன் சாமின்னு சொன்னாங்க. டாக்டர் சிரிச்சிட்டு வெளிய போனாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? வண்டிக்கிட்ட போயி சொல்றதுக்கு அம்மாவால எந்திரிக்க முடியல. அப்பா வேலைக்காட்டுல. நான் சின்னப் புள்ள. வண்டி போயிருச்சு, அம்மாவும் போயிட்டாங்க.”

அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அன்றிலிருந்து அவர் எனக்குச் சுற்றாடல் மிஸ் இல்லை, கூடப்பிறந்த தங்கச்சி. எங்கள் ஆட்களின் வாய் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதை இப்படி ஒரு விலை கொடுத்துத் தெரிந்துகொண்டவர் வேறு யார் இருக்கமுடியும்?

மொட்டைமலையின் வயிற்றில் ஓர் ஊற்று இருக்கிறது. இருந்தது. அதிலிருந்து கறுப்புக் குழாய் போட்டுத்தான் எங்கள் லயத்தில் குடம் பிடிக்கிற பீலிகளுக்கெல்லாம் தண்ணீர். வேறு தண்ணீர் எங்களுக்குக் கிடையாது. மாரியம்மாவும் நானும் மிஸ்ஸை அங்கே கூட்டிப்போனோம். குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்து, “பல்லு கூசுது, எவ்வளவு நல்லா இருக்கு!” என்றார். முகத்திலும் அடித்துக்கொண்டார். திரும்பி வந்து வண்டிக் கதவில் கை வைத்து நின்றபோது மாரியம்மா கேட்டாள்.

“மிஸ், மேல மலைய வெட்டுனா கீழ ஊத்து நிக்குமா?”

“அது பெரிய கேள்விக்கா. அந்தப் பக்கம் மானாப்புல்லு மேடு இருக்குல்ல? ஆளும் இல்ல, ஊத்தும் இல்ல. இந்த எடத்துக்கு மக்கள் எதிர்ப்புன்னு ஆய்வுல வந்தா, கம்பெனிக்காரங்க அங்கதான் போகணும். ரோடு கொஞ்சம் நீளமா வெட்டணும், வேற ஒண்ணும் இல்ல.”

“அப்ப எதிர்ப்புன்னு எழுதிருங்க மிஸ்.”

“நான் சொன்னா போதாதுக்கா. கூட்டம் போடுவோம். பெரியவங்க எல்லாரும் வருவாங்க. அதுல நீங்க சொல்லணும்.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்லமுடியாது. அதனால்தான் நாங்கள் பயப்படாமல் இருந்தோம்.

கூட்டத்தன்று கொழும்பிலிருந்து மூன்று வாகனம் வந்தது. கம்பெனிக்காரர்கள், உரிமம் கொடுக்கிற பக்கத்து ஆட்கள், ஒரு வெள்ளைக்காரர். தோட்டத்துச் சங்கத் தலைவர் தப்படிக்கச் சொல்லி, பொட்டு வைத்து, மாலை போட்டு அழைத்துவந்தார். பிள்ளைக் காம்பராவில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தோம். பேசி முடித்துவிட்டுச் சாப்பாடு என்பது தலைவரின் ஏற்பாடு. அடுப்படியில் நான் இருந்தேன். மிஸ் உள்ளே எட்டிப் பார்த்து, “அக்கா, மொதல்ல சாப்பாட்ட வச்சிருவோம். சாப்டுக்கிட்டே பேசலாம்” என்றார். நான் பரிமாறினேன். சோறு, கோழிக்குழம்பு, முட்டைக்கோவா வறுவல், பாயசம்.

அவர்கள் சாப்பிட ஆரம்பித்து, குழம்பு நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டிருக்கும்போது மிஸ் மைக்கை எடுத்தார். அன்றைக்கு அவரிடம் அந்த ஃபோன் குரல்தான் இருந்தது, தமிழில்.

“இந்தத் திட்டத்தைப் பற்றி உங்கள் கருத்துக்களை இப்போது தெரிவிக்கலாம்.”

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தார். வெள்ளைக்காரர் கையால் சாப்பிடத் தெரியாமல் கோழியோடு போராடிக்கொண்டிருந்தார். தலைவர் எழுந்து கும்பிட்டார்.

“இவ்வளவு தூரம் எங்கள தேடி வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. நல்லா சாப்பிடுங்க.”

எல்லாரும் கை தட்டினோம். மிஸ் அதைச் சிங்களத்தில் சொன்னார், பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. “வேற யாராவது?” என்று கேட்டுக் கொஞ்சம் பார்த்துவிட்டு, “நன்றி, கூட்டம் முடிந்தது” என்றார்.

அப்போதும் எங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சாப்பிட்டு முடித்தார்கள், கை கழுவினார்கள். எங்கள் பீலித் தண்ணீரில்தான். வழியனுப்பப் போனோம். பெரியவர்களின் வாகனங்கள் விருட்டென்று போய்விட்டன. மிஸ்ஸின் கேப் மட்டும் நின்றது. வழக்கம்போல மிஸ் கதவில் கை வைத்து நின்றார். டிரைவர் என்ஜினை நிறுத்தினான்.

தலைவர் ஆரம்பித்தார். “மிஸ், அந்த ஊத்து மட்டும் போச்சுன்னா நாங்க இங்க இருக்க ஏலாது. மானாப்புல்லு மேட்டுக்கே போகச் சொல்லுங்க.” பிறகு மாரியம்மா, பிறகு நான், பிறகு எல்லாரும். பச்சைப்பிள்ளைக்காரிகள், தண்ணீர் சுமக்கமுடியாத கிழவர்கள், ஒருவர் விடாமல் சொன்னோம். அன்றைக்கு அங்கே சொல்லாமல் விட்டது ஒன்றும் இல்லை. மிஸ் எல்லாவற்றையும் கேட்டார். மாரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். அவர் கண் கலங்கியதையும் பார்த்தேன். வண்டி போன பிறகு தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சொல்ல வேண்டிய எடத்துல சொல்லியாச்சு” என்றார்.

மழைக்காலம் முடிந்ததும் மண் வெட்டுகிற பெக்கோ மெஷின் வந்தது. மானாப்புல் மேட்டுக்கு இல்லை, மொட்டைமலைக்கு. தலைவர் போய்க் குறுக்கே நின்றார். அங்கிருந்த என்ஜினியர் நல்ல மனிதர்தான், சத்தம் போடவில்லை. “கூட்டத்தில் ஒருவர்கூட எதிர்க்கவில்லையே ஐயா. நீங்கள்தானே எழுந்து குறையில்லை என்று சொன்னீர்கள்? உரிமம் கிடைத்துவிட்டது” என்று சிங்களத்தில் பணிவாகச் சொன்னார்.

நான் அன்றே மிஸ்ஸுக்கு ஃபோன் போட்டேன். முதல் அழைப்பிலேயே எடுத்தார்.

“சொல்லுங்கக்கா.”

“ஊத்துக்கு மேல பெக்கோ நிக்குது மிஸ். வண்டிக்கிட்ட வச்சு உங்ககிட்ட எல்லாரும் சொன்னோமே!”

“சொன்னீங்க. ஆனா கூட்டம் முடிஞ்சிருச்சேக்கா. கூட்டத்துல பேசுனது மட்டுந்தான் ஆய்வுல வரும். வெளியில பேசுனத நான் போட ஏலாது.”

“அது தெரிஞ்சுதானா அங்க நின்னு கேட்டீங்க?”

நான் விடவில்லை.

“சாப்பாட்ட ஏன் மிஸ் முன்னுக்கு வைக்கச் சொன்னீங்க?”

“மழ வரும்னு நெனச்சேன்க்கா” என்றார்.

மழை வந்தால் என்ன, கூரைக்கு உள்ளேதானே உட்கார்ந்திருந்தோம்! உலகத்தில் எத்தனையோ பேர் எங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அவர்களெல்லாம் எங்களைத் தெரியாமல் ஏமாற்றினவர்கள். இவர் தெரிந்து ஏமாற்றினார். எங்கே பேசமாட்டோம் என்று தெரிந்து அங்கே மைக்கை நீட்டினார், எங்கே பேசுவோம் என்று தெரிந்து அங்கே வெறுங்கையோடு நின்றார்.

“நான் வராட்டி தமிழே தெரியாத ஒருத்தர அனுப்பியிருப்பாங்கக்கா. அவரு உங்க லயத்துப் படிகூட ஏறியிருக்கமாட்டாரு” என்றார் கடைசியில்.

“அந்த மனுசன் வந்திருந்தா நாங்க உசாரா இருந்திருப்போம் மிஸ்” என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

முதலில் பீலியில் தண்ணீர் சிவப்பாக வந்தது. துணி கட்டி வடித்துக் குடித்தோம். பிறகு நூல் மாதிரி வந்தது. பிறகு குழாயில் காற்று மட்டும் சீறியது. மலை உச்சியில் அந்த வெள்ளை டிஷ் வானத்தைப் பார்த்துத் திரும்பும்போதெல்லாம் குழந்தைகள் கை தட்டும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கம்பெனி பவுசர் லொறியில் தண்ணீர் அனுப்புகிறது. வந்தால் வந்தது, வராவிட்டால் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளின் மூத்திரச் சீலையைக் கழுவாமல் மூட்டை கட்டி வைப்பேன்.

போன வருஷம் கம்பெனிக்கு இன்னும் அதிக ராக்கெட் விட ஆசை வந்தது. அதற்கு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், மறுபடியும் சுற்றாடல் ஆய்வு. இரண்டாவது டிஷ் பக்கத்துத் தோட்டத்து மலையில். அங்கேயும் மலைக்குக் கீழே ஓடை, ஓடையிலிருந்து குழாய். கூட்டத்துக்கு மிஸ் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் நான் லீவு சொல்லிவிட்டுப் போனேன். என் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளப் போகவில்லை. அந்தச் சனங்களின் தண்ணீராவது தப்பட்டும் என்றுதான் போனேன்.

அவர்களுடைய கோயில் மண்டபத்தில் கூட்டம். அங்கேயும் மாலை, அங்கேயும் முதலில் சாப்பாடு. மிஸ் மைக்கை எடுத்து அதே வசனத்தைச் சொன்னார். அந்தத் தோட்டத்துத் தலைவர் கும்பிட எழுந்தார். அவருக்கு முன்னால் நான் எழுந்து நின்றேன். சோறு பிசைந்த கையோடு இருக்கிறவர்கள் முன்னால் எழுந்து நின்று பேசினது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

“இங்க வேணாங்க. எங்க ஊத்து செத்துப்போச்சு. இவங்க ஓடையும் செத்துப்போகும். இத இப்பவே எழுதுங்க, எல்லாரும் இருக்கும்போதே எழுதுங்க.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். மிஸ் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, அவ்வளவு அன்பாகத்தான் பார்த்தார்.

“அக்கா, இது இந்தத் தோட்டத்து ஆளுங்களோட கூட்டம். வெளியாள் பேசுறத நாங்க எடுக்க ஏலாது. கொஞ்சம் வெளிய இருங்களேன்.”

நான் வெளியே போகவில்லை. மண்டபத்தில் இருந்த பெண்களைப் பார்த்து, “நீங்களாவது சொல்லுங்கடி” என்று கத்தினேன். அவர்கள் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்காக இல்லை, எனக்காக வெட்கப்பட்டார்கள். அந்தத் தலைவர்தான் வந்து என் தோளைத் தொடாமல் தொட்டு வாசல் வரை கூட்டிப்போனார். வயதான மனுசன், மரியாதைக்காரர்.

“சோத்துல கை வச்சிருக்கிற நேரத்துல இப்படிப் பேசலாமாம்மா? அந்தப் புள்ள மொகம் எப்படிச் சுருங்கிப்போச்சு பாத்தீங்களா? நம்ம புள்ள அது. நீங்க கவலப்படாதீங்க. வண்டிக்கிட்ட போறப்ப நாங்க எல்லாத்தையும் சொல்லிக்கிறோம்.”

நான் எவ்வளவு சொல்லியும் அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு உள்ளே போய்க் கும்பிட்டார். கை தட்டுகிற சத்தம் வெளியே எனக்குக் கேட்டது.

இப்போது இரண்டு தோட்டத்துக்கும் ஒரே பவுசர். அவர்கள் லயத்துக்குப் போய்விட்டுத்தான் எங்களுக்கு வருகிறது.